ஏலத்துல யார் வந்தா, யார் போனா? நடுவுல ஒரு பையனோட முதுகு

1.

கொஞ்சம் நீளமான த்ரெட். ஐபிஎல் ஏலத்துல ஆரம்பிச்சு, அமெரிக்க பேஸ்பால் வரைக்கும் போயிட்டு, கடைசியில உங்க வீட்டுப் பையனோட முதுகுல வந்து நிக்கும். வேகப்பந்து போடுற பசங்க வீட்ல இருந்தா முழுசா படிங்க. இல்லன்னாலும் படிங்க, தெரு முனையில பந்து போடுற யாராவது ஒரு பையனுக்குப் பயன்படும்.

2.
ஏலம் முடிஞ்சாச்சு. சீசன் தொடங்க இன்னும் நாள் இருக்கு. ஆட்டமே நடக்காத இந்த இடைவெளியிலதான் எங்க பக்கம் கிரிக்கெட் பேச்சு உச்சத்துல இருக்கும். காஞ்சிபுரத்துல இருந்து வாலாஜாபாத் போற ரோட்டுல ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை எல்லாம் நெசவாளர்கள் நிறைய இருக்குற ஊர். தறியில கை ஓடும், வாய் சிஎஸ்கே பேசும். அந்தப் பேச்சு அப்படியே எங்க ஓ.பி.க்கும் வந்துடும்.

பிரஷர் பார்க்க கையில பட்டை கட்டிட்டு இருக்கேன். "ஜடேஜாவை எப்படி சார் குடுக்க மனசு வந்துச்சு இவங்களுக்கு?"ன்னு ஒரு பெரியவர். "ஐயா, ரெண்டு நிமிஷம் பேசாம இருங்க, அளவு ஏறிக் காட்டும்"னு சொன்னேன். "ஏறத்தான் சார் செய்யும்"னார்.

3.
அவர் கோபத்துலயும் நியாயம் இருக்கு. 2025 சீசன்ல சிஎஸ்கே 14 ஆட்டத்துல 4 மட்டும் ஜெயிச்சு, முதல்முறையா பட்டியல்ல கடைசி இடம். அந்த ஆகஸ்ட்ல அஸ்வின் ஐபிஎல்லை விட்டே ஓய்வு. நவம்பர்ல ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் குடுத்துட்டு சஞ்சு சாம்சனை வாங்கினாங்க. சாம்சனுக்கு 18 கோடி. ஜடேஜாவோட சம்பளம் 18 கோடியில இருந்து 14 கோடியா இறங்குச்சு. பதிரனாவை விடுவிச்சாங்க, அவரை கொல்கத்தா 18 கோடிக்குத் தூக்கிட்டுப் போச்சு.

2023 இறுதிப் போட்டியில கடைசி ரெண்டு பந்துல சிக்ஸும் ஃபோரும் அடிச்சுக் கோப்பையை வாங்கிக் குடுத்த மனுஷனை அனுப்பிட்டாங்கன்னா, பிரஷர் ஏறாம என்ன செய்யும்?

4.
இந்த 'ஆட்டமில்லாத காலத்துப் பேச்சு'க்கு அமெரிக்காவுல ஒரு பேரே இருக்கு. அங்க பேஸ்பால் சீசன் முடிஞ்சா குளிர்காலம். கடையில கனல் அடுப்பைச் சுத்தி உட்கார்ந்து "எவனை வித்தாங்க, எவனை வாங்கினாங்க, அடுத்த வருஷம் நம்ம டீம் தேறுமா?"ன்னு பேசுவாங்களாம். அதனால 'ஹாட் ஸ்டோவ் லீக்', அதாவது சூடான அடுப்பு லீக். நம்மூர்ல அடுப்புக்குப் பதிலா டீக்கடை பாய்லர். அவ்வளவுதான் வித்தியாசம்.

ரசிகனோட ஆறாத காயமும் ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான். பாஸ்டன் ரெட் சாக்ஸ் 1918-ல சாம்பியன். அடுத்த வருஷக் கடைசியில பேப் ரூத்ங்கிற வீரரை நியூயார்க் யாங்கீஸுக்கு வித்துட்டாங்க. அதுக்கப்புறம் பாஸ்டன் மறுபடி கோப்பை தூக்கினது 2004-ல. 86 வருஷம்! மூணு தலைமுறை அந்த ஒரு விற்பனையைத் திட்டிக்கிட்டே வாழ்ந்திருக்கு. நம்ம பெரியவர்கிட்ட இதைச் சொன்னேன். "அப்போ நான் பார்க்கப் போறதில்லைன்னு சொல்றீங்க"ன்னு சிரிச்சுட்டுப் போனார்.

5.
சரி, விஷயத்துக்கு வருவோம்.

யார் போனாங்கங்கிறது ரசிகனோட வருத்தம். யார் வந்தாங்கங்கிறதுதான் வீடுகளுக்குள்ள நுழையுற விஷயம். 2025 டிசம்பர் 16 அபுதாபி ஏலத்துல சிஎஸ்கே கையில இருந்தது 43.40 கோடி. அதுல இந்தியாவுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாத ரெண்டு இளம் பசங்களுக்கு, பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா, ஆளுக்கு 14.20 கோடி. அடிப்படை விலை 30 லட்சம். இந்தியாவுக்கு ஆடாத வீரர்களுக்குக் கிடைச்சதுலயே அதுதான் உச்ச விலை.

அன்னிக்கு ராத்திரி எத்தனை வீட்ல எத்தனை அப்பாக்கள் தூங்கிட்டு இருந்த பையனைத் திரும்பிப் பார்த்திருப்பாங்க!

நான் அதைக் கேலியா சொல்லல. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் கண்ணு முன்னாடி இருக்காரே. தறிக்கூடத்துல கூலி வேலை பார்த்த அப்பா, ரோட்டோரக் கடை வெச்சிருந்த அம்மா. 2017-ல பஞ்சாப் அவரை 3 கோடிக்கு எடுத்துச்சு. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்துல ஒரே சுற்றுப்பயணத்துல மூணு வடிவத்துலயும் இந்தியாவுக்கு அறிமுகம். நெசவாளர் வீட்டுக்கு இந்தக் கனவு ரொம்பத் தூரத்துல இருக்கிற கனவு இல்ல.

6.
அந்த வாரம்தான் ஒரு அப்பாவும் பையனும் ஓ.பி.க்கு வந்தாங்க. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

சீட்டு அப்பா பேர்ல. அவருக்கு முதுகுவலி. குழித்தறியில உட்கார்ந்து வருஷக்கணக்கா பட்டு நெய்றவர். பார்த்து முடிச்சு மாத்திரை எழுதும்போது, "சார், இதே மாத்திரையை இவனுக்கும் கொஞ்சம் சேர்த்து எழுதிக் குடுங்க. இவனும் முதுகு முதுகுங்கறான்"னார்.

பையனுக்கு 16 வயசு. வலது கை வேகப்பந்து. இடது பக்கம் கீழ்முதுகுல ரெண்டு மாசமா வலி. பந்து போட்டா வலி, ரெண்டு நாள் விட்டா குறையும், மறுபடி போட்டா மறுபடி வலி. மெடிக்கல் ஷாப்ல வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு ஆடியிருக்கான். ஞாயித்துக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமெண்ட்ல பக்கத்து ஊர் டீமுக்கு கெஸ்ட் பிளேயர். பஸ் காசும் பிரியாணியும் குடுத்துக் கூட்டிட்டுப் போவாங்க. இவங்க அளவுல இதுவும் ஒரு ஏலம்தான்.

7.
"ஏன்பா ரெண்டு மாசமா யார்கிட்டயும் சொல்லல?"

பையன் அப்பாவைப் பார்த்தான். அப்பா சொன்னார்: "முதுகு வலிக்காம எவன் சார் தறியில உட்கார்ந்தான்? வேலைன்னா வலிக்கும். நான்தான் தாங்கிக்கடான்னு சொன்னேன்."

இந்த வார்த்தையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இது அலட்சியம் இல்ல. தன்னோட வாழ்க்கையில இருந்து தனக்குத் தெரிஞ்ச ஒரே உண்மையைப் பையனுக்குக் குடுக்குறார். அவரைப் பொறுத்தவரை வலிங்கிறது நோய் இல்ல, கூலியில ஒரு பகுதி.

ஆனா அப்பாவோட முதுகும் பையனோட முதுகும் ஒண்ணு இல்ல. அதைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

8.
முதுகெலும்புல ஒவ்வொரு கண்ணிக்கும் பின்பக்கம் ரெண்டு பக்கமும் மெல்லிசா ஒரு எலும்புப் பாலம் இருக்கு. வேகப்பந்து போடும்போது முன்கால் தரையில ஓங்கி இறங்குது. உடம்பு எடையோட பல மடங்கு விசை மேல ஏறுது. அதே நொடியில உடம்பு பின்னால வளையுது, பக்கவாட்டுல சாயுது, முறுக்குது. இந்த மூணும் சேர்ந்து அழுத்துற இடம் அந்தப் பாலம். வலது கைக்காரனுக்குப் பெரும்பாலும் இடது பக்கம்.

ஒரு கம்பியை ஒரே இடத்துல வளைச்சு வளைச்சு நிமிர்த்தினா என்ன ஆகும்? ஒரு தடவையில உடையாது. ஐம்பதாவது தடவை உடையும். அதேதான் இங்கயும். இதை அழுத்த முறிவு, ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்னு சொல்றோம். பெரியவங்களைவிட வளர்ற வயசுப் பசங்களுக்கு ஆபத்து அதிகம். எலும்பு நீளமாயிடும், ஆனா முழுசா இறுகியிருக்காது.

9.
பையனை ஒத்தைக் காலில் நிக்க வெச்சுப் பின்னால வளையச் சொன்னேன். இடது காலில் நின்னு வளைஞ்சதும் முகம் சுருங்குச்சு. எக்ஸ்ரே எடுத்தோம், அதுல ஒண்ணும் தெரியல. அப்பா முகத்துல நிம்மதி.

இங்கதான் நிறைய பேர் ஏமாறுவாங்க. ஆரம்ப நிலையில எக்ஸ்ரேல இது தெரியாமப் போகலாம். அதனால எம்.ஆர்.ஐ.க்கு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் குடுத்தேன். முடிவு வந்துச்சு. எலும்பு இன்னும் பிளக்கல, ஆனா அழுத்தத்துல வீங்கியிருக்கு. முறிவுக்கு முந்தின படி.

சரியான நேரம். இதே நிலையில இன்னும் ரெண்டு மூணு மாசம் பந்து போட்டிருந்தா முறிஞ்சிருக்கலாம். ரெண்டு பக்கமும் முறிஞ்சா கண்ணியே முன்னால நழுவ வாய்ப்பிருக்கு.

"மூணு மாசம் பந்தைத் தொடக்கூடாது. அதுக்கப்புறமும் படிப்படியாத்தான்"னு சொன்னேன்.

10.
அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் மெதுவா சொன்னார். அடுத்த மாசம் ஒரு செலக்‌ஷன் இருக்கு. அதுக்கு முன்னாடி சென்னையில ஒரு அகாடமியில சேர்க்கணும். அதுக்காக முதலாளிகிட்ட முன்பணம் கேட்டிருக்கார். "இப்போ விட்டா வாய்ப்பு போயிடும் சார்."

முன்பணம்னா என்னன்னு நெசவு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பாவும் பட்டும் ஜரிகையும் குடுத்து நெய்யச் சொல்றவர் முதலாளி. கல்யாணம், மருத்துவம், தறி ரிப்பேர்னு அவர்கிட்ட வாங்குற கடன் முன்பணம். அது அடையுற வரைக்கும் அவருக்குத்தான் நெய்யணும். கூலி கம்மின்னு வேற முதலாளிகிட்ட போகணும்னா பழைய முன்பணத்தைக் கட்டணும். பெரும்பாலும் புது முதலாளி அதைக் கட்டிட்டு ஆளை எடுத்துக்குவார். கடன் அப்படியே கைமாறும். ஆள் கூடவே போவார்.

பேஸ்பாலோட சரித்திரம் தெரிஞ்சவங்களுக்கு இது எங்கயோ கேட்ட மாதிரி இருக்கும்.

11.
அமெரிக்காவுல 1970-கள் வரைக்கும் பேஸ்பால் வீரர் ஒரு கிளப்போட கையெழுத்துப் போட்டா, கிளப் விரும்புற வரைக்கும் அங்கதான். கிளப் அவரை விக்கலாம், மாத்தலாம். அவர் மாட்டேன்னு சொல்ல முடியாது. 1969-ல கர்ட் ஃப்ளட்ங்கிற கறுப்பின வீரரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் பிலடெல்பியாவுக்கு மாத்துச்சு. அவர் போக மறுத்தார். வாங்கி விக்க நான் பொருள் இல்லைங்கிறதுதான் அவர் வாதம். சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1972-ல 5-3ன்னு தோத்தார். அவரோட ஆட்ட வாழ்க்கை அதோட முடிஞ்சுபோச்சு. ஆனா அவர் தட்டின கதவு 1975 டிசம்பர்ல வேற ரெண்டு பிட்சர்களுக்கு நடுவர் தீர்ப்புல திறந்துச்சு. இன்னிக்கு ஷோஹேய் ஓடானி 70 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போடுறார்னா, அதுக்கு முன்னாடி தோத்துப்போன ஒரு மனுஷன் இருக்கார்.

நம்ம ஐபிஎல்ல டிரேடு பண்ண வீரர் சம்மதம் வேணும். ஜடேஜா சம்மதிச்சுத்தான் போனார். ஆனா ஏலத்துல எந்த ஊர்னு தேர்வு செய்ய முடியாது. எடுத்தப்புறம் சரியான காரணம் இல்லாம விலகினா ரெண்டு சீசன் தடை. ஹாரி புரூக்குக்கு அது நடந்துச்சு.

12.
நான் அந்த அப்பாகிட்ட கிரிக்கெட் வேணாம்னு சொல்லல. சொல்ற உரிமை எனக்கு இல்ல. கணக்கு மட்டும் சொன்னேன்.

2024 நவம்பர்ல ஜெட்டாவுல நடந்த மெகா ஏலத்துக்குப் பேர் குடுத்தவங்க 1,574 பேர். விலை போனது 182 பேர். நூத்துக்குச் சுமார் 12. அந்த 1,574 பேரும் தெருவுல ஆடுறவங்க இல்ல. ஏற்கெனவே பல படி ஏறி மேல வந்தவங்க.

"அண்ணே, 12 பேரை மட்டும் டிவியில காட்டுறாங்க. மீதி 88 பேர் எங்க போனாங்கன்னு யாரும் காட்டுறதில்ல. பையன் ஆடட்டும். ஆனா நீங்க இன்னொரு முன்பணம் வாங்கித் தறியில இன்னும் பல வருஷம் கட்டுப்பட்டு, அந்தக் காசுல முதுகு உடைஞ்ச பையனை அகாடமிக்கு அனுப்புறதுல யாருக்கு லாபம்?"

அவர் பதில் சொல்லல. பையன்தான் கேட்டான்: "மூணு மாசம் போடலன்னா வேகம் போயிடுமா சார்?"

13.
அவனுக்கு நான் சொன்னது ரெண்டு பேரோட கதை. உங்க பசங்களுக்கும் சொல்லுங்க.

ஒண்ணு, பேட் கம்மின்ஸ். 2011-ல 18 வயசுல ஆஸ்திரேலியாவுக்கு முதல் டெஸ்ட். அடுத்த டெஸ்ட் எப்போ தெரியுமா? 2017 மார்ச், ராஞ்சியில. நடுவுல அஞ்சு வருஷத்துக்கும் மேல. முக்கியக் காரணம் முதுகு. அதுக்கப்புறம் கேப்டனாகி 2023 உலகக் கோப்பையை நம்ம அகமதாபாத்லயே தூக்கினார்.

ரெண்டு, நம்ம பும்ரா. முதுகால 2022 டி20 உலகக் கோப்பையை இழந்தார். 2023-ல ஆபரேஷன். 2024 டி20 உலகக் கோப்பையில தொடரின் சிறந்த வீரர்.

மூணு மாசம் யாரோட வேகத்தையும் திருடாது தம்பி. முறிஞ்ச எலும்புதான் திருடும்.

14.
"அடிபட்டா ஆபரேஷன் பண்ணிக்கலாம்"ங்கிற நினைப்பும் பரவிட்டு இருக்கு. அதுக்கும் பேஸ்பால்ல பாடம் இருக்கு. 1974-ல டாமி ஜான்ங்கிற பிட்சருக்கு முழங்கை நார் கிழிஞ்சது. டாக்டர் ஃபிராங்க் ஜோப், மணிக்கட்டுப் பக்கத்துல இருந்து ஒரு நாரை எடுத்து முழங்கையில கோத்துத் தைச்சார். ஒரு முழு சீசன் உட்கார்ந்து, 1976-ல திரும்பி வந்து 1989 வரைக்கும் ஆடினார் டாமி ஜான். அந்த ஆபரேஷனுக்கே அவர் பேர்தான்.

அற்புதமான விஷயம்தான். ஆனா பக்கவிளைவு என்ன தெரியுமா? அந்த ஆபரேஷன் பண்ணினா கை இன்னும் வேகமாகும்னு அங்க சில பெற்றோரே நம்ப ஆரம்பிச்சாங்க. 2014-ல அங்க வயசுவாரியா எத்தனை பந்து எறியலாம்னு வழிகாட்டுதல் போட்டாங்க. 15, 16 வயசுப் பையன் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 95 பந்து. 75-ஐத் தாண்டினா நாலு நாள் ஓய்வு. கோடிக்கணக்குல வியாபாரம் நடக்குற நாட்டிலேயே பந்தை எண்ணுறாங்க. நாம ஞாயித்துக்கிழமை ஒரே பையனை நாலு மேட்ச் ஆட வெச்சுட்டு, சாயங்காலம் கோப்பையோட போட்டோ எடுத்துக்கிறோம்.

15.
இனி நீங்க செய்ய வேண்டியது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க.

• வேகப்பந்து போடுற வளர்ற பையனுக்கோ பொண்ணுக்கோ முதுகுவலி ரெண்டு வாரம் தாண்டினா டாக்டரைப் பாருங்க. பந்து போடுற கைக்கு எதிர்ப்பக்க வலி, பின்னால வளைஞ்சா கூடுற வலின்னா ரெண்டு வாரம்கூடக் காத்திருக்காதீங்க.

• எக்ஸ்ரே நார்மல்னா எல்லாம் நார்மல்னு அர்த்தம் இல்ல.

• வலி மாத்திரை போட்டுட்டு ஆடாதீங்க. வலிங்கிறது எலும்பு அடிக்கிற மணி. மாத்திரை மணியை நிறுத்தும், நெருப்பை அணைக்காது. தினமும் போட்டா வயித்துல புண், வெயில்ல வேர்த்து நீர் குறைஞ்ச உடம்புல சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

• பந்தை எண்ணுங்க. ஸ்கூல், அகாடமி, டென்னிஸ் பால், தெரு எல்லாத்தையும் கூட்டித்தான் கணக்கு. ஒரு கோச்சுக்கு இன்னொரு கோச் போட வெச்சது தெரியாது. வீட்ல இருக்குற உங்களுக்குத்தான் தெரியும்.

• ஓய்வுன்னா படுத்தே கிடக்குறது இல்ல. பிசியோதெரபி, வயிறு, இடுப்புத் தசைகளுக்குப் பயிற்சி. திரும்பும்போது முதல் நாளே முழு ரன்னப் வேணாம்.

• முட்டை, பால், பருப்பு, கேழ்வரகு, நல்ல தூக்கம். டப்பா பவுடருக்கு முன்னாடி இதெல்லாம்.

• காலில் மரத்துப் போறது, சிறுநீர் போறதுல சிக்கல், காய்ச்சல், எடை குறையறது, ராத்திரி எழுப்புற வலி. இதுல எது இருந்தாலும் உடனே மருத்துவமனை. முதுகெலும்புல காசநோய் மாதிரி வேற காரணங்களையும் பார்க்கணும்.

16.
அந்தப் பையன் இப்போ ஆறாவது வாரத்துல இருக்கான். வலி இல்ல. செலக்‌ஷனுக்குப் போகல. அதுல அவனுக்கு வருத்தம் உண்டு, அதை நான் சமாதானம் சொல்லி மறைக்கப் பார்க்கல. அவன் பெரிய பவுலர் ஆவானா? தெரியாது. அதைக் கணிக்கிறது என் வேலையும் இல்ல. அவனுக்கு 40 வயசுல வலியில்லாமக் குனிஞ்சு ஒரு குடம் தண்ணி தூக்க முடியணும். என் வேலை அதுக்குத்தான்.

முன்பணம் என்ன ஆச்சுன்னு கேட்டேன். "வாங்கல சார். மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்"னார். அப்புறம் தன்னோட சீட்டை நீட்டி, "என் முதுகுக்கும் அந்த பிசியோதெரபி உண்டா?"ன்னு கேட்டார். உண்டுன்னு எழுதிக் குடுத்தேன். இத்தனை வருஷத் தறி வாழ்க்கையில தன் வலிக்கு மாத்திரையைத் தவிர வேற ஒண்ணு அவர் கேட்டது அதுதான் முதல்முறையாம்.

17.
சீசன் வரட்டும். சாம்சன் அடிப்பாரா, 14.20 கோடிப் பசங்க தேறுவாங்களா, ஜடேஜா நமக்கு எதிரா விக்கெட் எடுக்கும்போது கை தட்டலாமா கூடாதான்னு டீக்கடையில சண்டை போடுவோம். நானும் வருவேன். என் கட்சி: தட்டலாம்.

அந்த பெஞ்சுல பக்கத்துல உட்கார்ந்து யாராவது பையன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தா மட்டும், பேச்சை ஒரு நிமிஷம் நிறுத்திட்டு, "எத்தனை நாளாடா வலிக்குது?"ன்னு கேளுங்க.

கேள்விகள் இருந்தா கீழ கேளுங்க. ஓ.பி. முடிஞ்சு ராத்திரி வந்து பதில் சொல்றேன்.